மைக்கில் கேட்ட மூச்சு

பஸ் நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. டைம் கீப்பர் அறைக்கு மேலே, தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி அறை. ஒரு நாற்காலி, ஒரு மைக், சுற்றுவதைவிட அதிகமாக முனகும் ஒரு மின்விசிறி. கீழே உறுமும் வண்டிகளெல்லாம் அவளுக்கென்றே புகையை மேலே அனுப்பிவைக்கும். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எது கிளம்பப்போகிறது, எது இன்றைக்கு வரவே வராது என்று நாள் முழுக்க அவள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மேலே குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது. கீழே இறங்கிப் போனால் மைக்கை யார் பார்ப்பது? அதனால் வேலை நேரத்தில் அவள் தண்ணீரே குடிக்க மாட்டாள். அந்த நாற்காலிக்கு வரும் பெண்கள் கற்றுக்கொள்ளும் முதல் பாடமே அதுதான்.

அவளுக்கு ஆஸ்துமா. டாக்டர் இரண்டு பம்ப் கொடுத்திருந்தார். மூச்சு முட்டினால் அடித்துக்கொள்ள நீலம். முட்டினாலும் முட்டாவிட்டாலும் காலையும் மாலையும் இழுக்கப் பழுப்பு. மூச்சுக்குழாயின் வீக்கத்தை மெல்ல மெல்ல வற்ற வைப்பது பழுப்புதான். அதில் இருப்பது ஸ்டீராய்டு. அந்தச் சொல்லை மட்டும் அவள் வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது.

காரணம் அண்ணி. கணவன் லாரியோடு ஊர் ஊராகப் போய்விட, வீட்டில் இருப்பது அவளும் கணவனின் அக்காவும்தான். அண்ணிக்கு அதே பஸ் நிலையத்தில் டீக்கடை. அண்ணியின் அம்மாவுக்கும் மூச்சிரைப்பு இருந்தது. யாரோ கைராசிக்காரர் கொடுத்தாரென்று வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்கினார். முகம் பூசணிக்காயாக வீங்கியது, எலும்பு பொடிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லை. மாத்திரையில் என்ன இருந்தது என்பது கடைசியில்தான் தெரிந்தது.

"ஸ்டீராய்டுன்னு எந்த டாக்டராவது சொன்னா, அப்படியே செருப்பை மாட்டிக்கிட்டு வந்துடு" என்பாள் அண்ணி. சூடு கண்ட பூனை. குறை சொல்ல முடியுமா?

ஆகவே பழுப்பு பம்ப் மைக் அறையின் மேஜை டிராயரில் ஒளிந்துகொண்டது. காலையில் படியேறி வந்ததும் ஓர் இழுப்பு, உடனே மைக்கைத் தட்டி வணக்கம். சாயங்காலம் கிளம்பும் முன் இன்னொன்று. இழுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் இருந்தார். எங்கே கொப்பளிப்பது, எங்கே துப்புவது? ஜன்னல் வழியே துப்பினால் யாராவது கண்டக்டர் தலைக்கு அபிஷேகம். ஒரு வாய் கொப்பளிக்காவிட்டால் குடியா முழுகிவிடும் என்று விட்டுவிட்டாள்.

குடி முழுகவில்லை, குரல்தான் முழுகியது. சில மாதங்களில் கரகரத்து, பிறகு கட்டிக்கொண்டது. "என்ன மைக்கம்மா, ராத்திரி யாரோட சண்டை?" என்று டிரைவர்கள் சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

"நீங்க சொல்றது புரியலைன்னு பயணிங்க புகார் பண்றாங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைத்தான் போடணும். தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்! அவளிடம் இருந்த ஒரே முதல் அந்தக் குரல். தொண்டையைக் கெடுப்பது பம்ப்தான் என்று அவளுக்குத் தோன்றியது. டாக்டரிடம் போக ஒரு நாள் லீவு வேண்டும், லீவு கேட்கும் நேரமா அது? பழுப்பை நிறுத்தினாள்.

குரல் திரும்பியது. மேலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். மூச்சும் நன்றாகத்தான் இருந்தது. அந்த மருந்து அப்படி. வேலை செய்வதும் தெரியாது, இல்லாமல் போனதும் உடனே தெரியாது. பிறகு படிக்கட்டு நீளமாகிக்கொண்டே வந்தது. பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரே மூச்சில் சொன்ன அறிவிப்பை இரண்டாக வெட்டினாள், பிறகு மூன்றாக. நீலத்தை எடுத்தெடுத்து அடித்தாள். ராத்திரி சுவரில் சாய்ந்தே தூங்கினாள்.

"ஏன் இப்படி உட்கார்ந்துக்கிட்டே தூங்கறே?"

"முதுகு வலி, அண்ணி."

பொய் சொல்வதற்குக்கூட மூச்சு தேவைப்பட்டது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தாள்.

கூட்டம் நெரிந்த ஒரு முற்பகலில் மைக்கைத் தட்டினாள். "மூன்றாம் மேடையிலிருந்து" என்றாள். அடுத்த சொல் வரவில்லை. நீல பம்ப்பை அமுக்கினாள், வெறும் காற்றுகூட வரவில்லை. மைக்கை அணைக்கக் கை எழவில்லை. யாருக்கும் தெரியாமல் அவள் மறைத்துவைத்திருந்த மூச்சின் விசில் சத்தம், பஸ் நிலையத்தின் ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் ஏறி ஊருக்கே கேட்டது.

ஒலிபெருக்கி பழுது என்றுதான் முதலில் நினைத்தாளாம் அண்ணி. அடுத்த கணம் டீ வடிகட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அம்மாவின் கட்டிலில் வருஷக்கணக்கில் கேட்ட சத்தம் அவளுக்குத் தெரியாதா என்ன?

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்து மூச்சை மீட்டார்கள். மேலாளர் வந்து கட்டில் காலையே பார்த்துக்கொண்டு, "குரல் எப்படி இருந்தாலும் நீங்களே வாங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். டாக்டர் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. டிராயர், கொப்பளிக்காத வாய், நிறுத்திய பம்ப். அண்ணி கத்தப்போகிறாள் என்று மைக்கம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டர் அண்ணியைப் பார்த்துத்தான் பேசினார். "மாத்திரை உடம்பு முழுக்கப் போகும்மா. அதையே வருஷக்கணக்கா சாப்பிட்டா கெடுதல்தான். இது நேரா நுரையீரலுக்கு, ரொம்பக் கொஞ்சமா. தொண்டையில தங்குறதைக் கொப்பளிச்சுத் துப்பிட்டா குரல் பெரும்பாலும் கெடாது. அப்பவும் கட்டினா என்கிட்ட வரணும், நீங்களா நிறுத்தக் கூடாது."

அண்ணி கத்தவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "எங்கம்மா இருந்தப்ப இந்தப் பம்ப் இருந்துச்சா டாக்டர்?"

"அவங்க போய் எவ்வளவு காலம் ஆச்சு?"

"இவ கல்யாணத்துக்கு முந்தின வருஷம்."

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "இருந்துச்சும்மா."

வீடு திரும்பும் வழியில் அண்ணி மைக் அறைக்குப் படியேறி, டிராயரில் இருந்த பம்ப்பை எடுத்துவந்தாள்.

மறுநாள் காலை பழுப்பு பம்ப் பல் துலக்கும் பிரஷுக்குப் பக்கத்தில் பகிரங்கமாக நின்றது. மைக்கம்மா இழுத்து, மூச்சைப் பிடித்து, விட்டாள். அண்ணி தண்ணீர்க் குவளையோடு பின்னால் வந்து நின்றாள்.

"கொப்பளி. முழுங்காதே, துப்பு."

துப்பினாள். "போதும் அண்ணி" என்றாள், இன்னும் சோர்ந்த குரலில்.

"இருந்துச்சாம்" என்றாள் அண்ணி, குழாயைப் பார்த்து. "அப்பவே இருந்துச்சாம்." குவளையை மறுபடி நிரப்பி நீட்டினாள். "இன்னொரு வாய் கொப்பளி."