முள் பூஜ்யத்துக்கு வரவில்லை

தராசுகளைச் சந்தேகப்படுவதுதான் என் வேலை. பட்டறைக்கு வரும் ஒவ்வொரு தராசிலும் பித்தளைப் படிக்கற்களை வைத்து எடை பார்ப்பேன். முள் சரியாக நின்றால் முத்திரை. நிற்காவிட்டால் அடித்தட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை நோண்ட வேண்டியதுதான். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. வீட்டுக்காரர் என்னைப் ‘படிக்கல்’ என்று கூப்பிடுவதில் வேலையும் அடக்கம், உடம்பும் அடக்கம்.

ஆறு வருஷமாகக் குழந்தை இல்லை. மாதவிலக்கு எனக்கு நினைத்தபோது வந்துபோகும் விருந்தாளி. அவரையும் சோதித்து, எல்லாம் சரி என்றார்கள். அவர் தொப்பையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. என்னை மட்டும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எடை மெஷினில் ஏற்றி, நர்ஸ் ஊருக்கே கேட்கிற மாதிரி “எண்பது” என்றாள்.

டாக்டரம்மா மட்டும் தன்மையாகப் பேசினார். “பயப்படாதீங்க. எடை கூடினா சிலருக்கு முட்டை வெளிவர்றது தடுமாறும். ரொம்ப இளைச்சாலும் அப்படித்தான். நீங்க ஒரு நாலு கிலோ குறைங்க, உடம்பு தானா வழிக்கு வரலாம். மூணு மாசம் டைம். எழுபத்தாறு வந்ததும் மாத்திரை ஆரம்பிக்கலாம். உங்களுக்கு முப்பத்தெட்டு ஆகுது, இதுக்கு மேல தள்ளிப்போட வேண்டாம்.”

பட்டறையிலிருந்து ஒரு பழைய முள் தராசை இரவல் வாங்கி வந்து படுக்கையறை மூலையில் போட்டேன். சாப்பாட்டைப் பாதியாக்கினேன். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தேன். மாமியார் என் தட்டை எட்டிப்பார்த்து, “இதையும் குருவிக்குப் போட்டுடேன்” என்பார்.

மூன்று வாரம் கழிந்தும் காலையில் ஏறினால் எண்பது. ஒரு கோடுகூட இறங்கவில்லை. ஆனால் ஜாக்கெட் தொளதொளவென்று இருந்தது. எரிச்சலோடு இறங்கியவள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தேன். தராசின் மேல் யாரும் இல்லை. முள் ஒரு கிலோவில் நின்றது.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்து, பட்டறைக்குப் போய் வேறொரு தராசில் ஏறினேன். எழுபத்தொன்பது. சாயங்காலம் ஐந்து கிலோ கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தேன். ஆறு காட்டியது. கல்லை எடுத்தேன். ஒன்று. தட்டைக் கையால் துடைத்துப் பார்த்தேன். தூசிகூட இல்லை. ஒரு இடத்தில் மட்டும் தகடு வெதுவெதுப்பாக இருந்தது.

அடுத்த வாரங்களில் நான் குறையக் குறைய அது கூடியது. இரண்டு. இரண்டரை. என்னிடமிருந்து போனதெல்லாம் போகவில்லை, மூலையில் உட்கார்ந்திருந்தது. இரண்டாம் மாதம் விலக்கு நாள் தவறாமல் வந்தது. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அந்த மூலையைப் பார்க்கப் பயமாகவும் இருந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“மேல ஒண்ணும் இல்லையே. என்ன படிக்கல், ஓட்டைத் தராசையா தூக்கிட்டு வந்தே?” என்றார். ஆனால் அன்றிலிருந்து மூலைப் பக்கம் காலை நீட்டிப் படுப்பதை நிறுத்திவிட்டார். ஏன் என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

போகப்போக எனக்குப் பயம் விட்டுப்போனது. ஃபேன் போட்டால் அந்த மூலைக்குக் குளிருமோ என்று வேகத்தைக் குறைத்து வைத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

மூன்றாம் மாதக் கடைசி நாள். டாக்டரிடம் போக வேண்டிய காலை. முதலாளி போன் செய்தார்: “அந்தத் தராசு உடனே வேணும்மா, உங்க வீட்டுக்கு வண்டி அனுப்பிட்டேன்.” முள் நாலில் நின்றது. தராசைக் கவிழ்த்துத் தூக்கினால் அது எங்கே விழும்? வண்டிச் சத்தம் கேட்டதும் குனிந்தேன். எடைக்கல்லைத் தூக்குவதுபோல அடியில் கை கொடுத்துத் தூக்கினேன். முள் பூஜ்யத்துக்கு வந்தது. என் கைக்கு எடை தெரியும், இருபது கிராம் பிசகாது. நாலு கிலோதான்.

வழியெல்லாம் மார்போடு அணைத்தபடி வந்தேன். “கை வலியா?” என்று அவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

வராந்தாவில் மெஷினில் ஏறினேன்.

“எண்பது. ஒரு கிராம்கூட இறங்கலையேம்மா. இப்படின்னா டாக்டர் மாத்திரை தர மாட்டாங்க.” நர்ஸ் எழுதப் போனவள் நிமிர்ந்தாள். “கையில இருக்கிறதை இறக்கி வெச்சிட்டு ஏறுங்க.”

சொல்லிவிட்டு என் வெறுங்கையைப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள்.

சுவரோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதில் மெல்ல வைத்தேன். உருண்டு விழாதபடி முதுகுப் பக்கம் தள்ளி வைத்தேன். திரும்பி வந்து ஏறினேன். எழுபத்தாறு.

டாக்டரம்மா கை குலுக்கினார், மாத்திரை எழுதினார். சீட்டோடு வெளியே வந்தபோது நாற்காலி அங்கேயேதான் இருந்தது. “வா, பஸ் போயிடும்” என்றார் அவர். எடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் மறுபடி ஏறச் சொன்னால் எண்பது காட்டுமே என்ற நினைப்பு வந்தது. கை ஓய்ந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அவர் பின்னாலேயே நடந்தேன்.

மாத்திரை தொடங்கிய மூன்றாவது மாதமே விலக்கு நின்றது. ஏழாவது வாரம் ஸ்கேனில் பயறு அளவில் ஒன்று துடித்தது. அவர் அழுதார். மாமியார் என் தட்டை நிரப்பினார். நானும் அழுதேன், அது பொய்யில்லை.

ஸ்கேன் முடிந்து வெளியே வந்தால் வராந்தாவில் நிற்க இடமில்லை, அவ்வளவு கூட்டம். சுவரோர நாற்காலி மட்டும் காலி. பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“உட்காருங்களேன், காலியாத்தானே இருக்கு” என்றேன்.

“இல்லைங்க, குழந்தை தூங்குதுல்ல” என்றாள். சொன்ன பிறகு நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவள் முகம் வெளிறிப் போனது.

நான் குனிந்தேன். கையை நீட்டக்கூடச் செய்தேன்.

“ஏய், என்ன பண்றே?” என்று அவர் என் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். “வெயிட் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் இப்பத்தானே சொன்னாங்க.”