நெட்டையின் முதுகுவலி

அந்தப் பேருந்தில் நெட்டையும் மீசையும் பல வருஷ ஜோடி. இரண்டு பேருக்குமே ஓட்டவும் தெரியும், டிக்கெட் கிழிக்கவும் தெரியும். போகும்போது ஒருவன் ஓட்டுவான், திரும்பும்போது மற்றவன். யாரும் போட்ட சட்டமில்லை, அவர்களே பேசி வைத்துக்கொண்டது.

தொற்று வந்ததும் டிரைவர் இருக்கையைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைத்தார்கள். கண்டக்டருக்கு ஒரு முகக்கவசம், அவ்வளவுதான். இருமுகிறவன், தும்முகிறவன், கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு மீதிச் சில்லறை கேட்கிறவன், எல்லோருக்கும் நடுவில் புகுந்து புறப்பட வேண்டும்.

முதல் நாளே நெட்டை இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "மாப்ளே, முதுகு வலி உயிர் போகுது. நிக்கவே முடியல."

"அப்ப நீயே ஓட்டுடா. ரெண்டு பக்கமும் நான் நின்னுக்கிறேன்" என்றான் மீசை. சந்தேகமாக ஒரு பார்வைகூட இல்லை.

வலியாவது, மண்ணாவது! வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதே என்று நெட்டை தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். மீசையின் வீட்டில் இருந்ததும் குழந்தைகள்தான், பொம்மைகள் இல்லை. அது அவனுக்குத் தெரியாதா என்ன?

சில நாளிலேயே மீசை தொற்றில் படுத்துவிட்டான். ஆஸ்பத்திரியில் மூச்சுக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் நெட்டைக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையைக் கொட்டிவிடுவது என்று மீசையின் வீட்டு வாசலில் போய் நின்றான். மீசையின் மனைவி கதவை ஒருக்களித்துத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது.

"அங்க யாரையும் உள்ள விடல அண்ணா. குழாய் வைக்கிறதுக்கு முந்தி போன்ல ரெண்டு வார்த்தை பேசினாரு. உங்க முதுகு எப்படி இருக்குன்னு கேட்டாரு."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்காவது ஒண்ணும் ஆகலையே. அது போதும்."

நெட்டை சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தான். நாளையிலிருந்து நான்தான் நிற்பேன், எவன் வந்தாலும் ஓட்டட்டும் என்று வழியெல்லாம் சபதம் போட்டான். மனதாரத்தான் போட்டான்.

மறுநாள் டிப்போவில் அவனுக்குப் புது ஜோடியாக ஒரு அக்கா வந்தார். ஓய்வு பெறப்போகிற வயது, தலை முழுக்க நரை. பேருந்துப் படியில் ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"எனக்கும் ஓட்டத் தெரியும். எப்படி தம்பி, போறப்ப நீங்க ஓட்டுறீங்க, வர்றப்ப நானா?"

உள்ளே ஏற்கெனவே கூட்டம் நெருக்கியடித்தது. யாரோ அடக்க முடியாமல் இருமினார்கள். நெட்டையின் கை தானாக இடுப்புக்குப் போனது.

"அது வந்து அக்கா... எனக்கு முதுகு வலி."

"ஐயோ பாவம். நீங்க உக்காருங்க தம்பி" என்று அவர் டிக்கெட் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்குள் போனார்.