கடைசி ரேங்க்காரன்தான் கூப்பிடணும்

பூவரசனுக்குப் பெரிய ஆசையெல்லாம் கிடையாது. நல்லம்பள்ளியில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கடை நன்றாகவே ஓடுகிறது. இண்டூரில் சொந்த வீடு இருக்கிறது. பெண்டாட்டி சோபனா வாரத்துக்கு ஒருமுறைதான் சண்டை போடுவாள். அவனுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஒரு குறை. வருசத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, யாராவது அவனுக்குப் போன் போட்டு, "டேய், மேட்ச் இருக்குடா, வந்துரு" என்று கூப்பிட வேண்டும். இதுக்குப் போய் ஒருத்தன் ஏங்குவானா என்று சிரிப்பீர்கள். பத்து வருசமாக மற்றவர்களுக்கெல்லாம் அந்தப் போனைப் போட்டுப் போட்டுக் காது சூடானவனைக் கேட்டால் தெரியும் அந்த ஏக்கம்.

விசயம் இதுதான். இண்டூரில் ஒன்றாகப் படித்து, ஒன்றாகப் பாஸ்கெட்பால் ஆடிய ஒன்பது பேர். இன்றைக்கு ஒவ்வொருவனும் ஒவ்வொரு திக்கில் இருக்கிறான். ஆனாலும் வருசா வருசம் ஆயுத பூஜை அன்றைக்குக் காலையில் பழைய ஸ்கூல் கிரவுண்டில் கூடிவிடுவார்கள். சீட்டுக் குலுக்கி மூன்று மூன்று பேராகப் பிரிந்து, மிச்சம் நிற்கிற ஒற்றை ரிங்கில் ஆடுவார்கள். பந்துக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டின பிறகுதான் ஆட்டமே. எல்லா மேட்ச்சும் முடிவதற்குள் ஒன்பது பேர் கையும் முகமும் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். எந்த டீம் ஜெயித்தது என்று மறுநாளே மறந்துவிடுவார்கள். அதை யார் கேட்டார்கள்? எல்லோருக்கும் வேண்டியது ரேங்க்.

ரேங்க் போடுகிறவள் நிர்மலாதேவி. அதே வகுப்பு, அந்தக் காலத்துப் பொம்பளைப் பிள்ளைகள் டீமுக்குக் கேப்டன். இப்போது கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. டீச்சர். விசிலும் அவள்தான், ரேங்க்கும் அவள்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். எத்தனை கூடை போட்டான் என்பது மட்டும் அவளுக்குப் பத்தாது. பாஸ் கொடுத்தானா, தடுக்க ஓடி வந்தானா, விசிலடித்த பிறகு வாயாடினானா, எல்லாம் கணக்கு. அவள் மனசுக்குள்ளேயே ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் வரிசை கட்டி வைத்துக்கொள்வாள்.

முதல் வருசம் அந்த ரேங்கைக் கிரவுண்டிலேயே சொன்னாள். சொல்லி வாயை மூடுவதற்குள் சந்திரமோகனும் குப்புராஜும் ஒருத்தர் சட்டையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் போட்டாள் சட்டம். மேட்ச் முடிந்ததும் எல்லோரும் பஸ் ஏறி ஒகேனக்கல் போக வேண்டும். ஒன்பது பேரும் பாறையில் வரிசையாகக் குப்புறப் படுத்து எண்ணெய் மசாஜ் போட்டுக்கொள்ள வேண்டும். மசாஜ்காரர் இடுப்பில் ஏறி உட்கார்ந்து முதுகில் நாலு குத்து விட்ட பிறகுதான் ரேங்க். அப்போது பிடிப்பதற்கு யாருக்கும் சட்டை இருக்காது, எழுந்திருக்கவும் முடியாது. நிர்மலா எதிர்ப் பாறையில் மீன் வறுவல் தட்டோடு உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டபடி, கடைசியிலிருந்து ஆரம்பிப்பாள்.

கடைசி ரேங்க் வாங்கியவனுக்குத் தண்டனை உண்டு. அடுத்த வருச மேட்சுக்கு அவன்தான் பொறுப்பு. கிரவுண்டில் முளைத்த புல்லைப் பிடுங்கி, சுண்ணாம்பில் கோடு போட்டு, எல்லோரையும் போன் போட்டுக் கூப்பிட வேண்டும். அந்தக் கடைசி ரேங்க் பூவரசனுக்கு எழுதி வைத்த மாதிரி. ஆள் குள்ளம், ஓட்டம் மட்டம். அவன் போடுகிற பந்து ரிங்கையும் தொடாது, போர்டையும் தொடாது, நேராகப் பக்கத்துக் கொல்லைக்குப் போய்விடும்.

கூப்பிடுவது என்றால் லேசுப்பட்ட வேலையா? வாட்ஸப் குரூப் ஒன்று இருக்கிறது. அதில் குட்மார்னிங் பூவைத் தவிர வேறெதைப் போட்டாலும் கிணற்றில் போட்ட கல். போன்தான் போட வேண்டும். "பாத்துட்டுச் சொல்றேன்டா" என்பான் ஒருவன். "லீவு கெடைக்குமான்னு தெரியல" என்பான் இன்னொருவன். வத்தல்மலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கிற முருகேஷுக்கு டவரே கிடைக்காது. அடிவாரத்து டீக்கடையில் சொல்லிவிட்டு, அவன் எப்போது இறங்கி வருவான் என்று காத்திருக்க வேண்டும். எல்லாரையும் விட மோசம் சந்திரமோகன். ஓசூர் கம்பெனியில் சூப்பர்வைசர். "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்று சொல்லியே டேக்கா கொடுப்பான். கெஞ்சி, திட்டி, "உன் பொண்டாட்டிகிட்ட குடு, நான் பேசிக்கிறேன்" என்று மிரட்டி, எப்படியோ அத்தனை பேரையும் கொண்டுவந்து சேர்த்துவிடுவான் பூவரசன்.

போன வருசம் அவனுக்கு வைராக்கியம் வந்துவிட்டது. இந்தத் தடவை கடைசி ரேங்க் வாங்கக் கூடாது, வேறு எவனாவது வாங்கட்டும், எவனாவது என்னைக் கூப்பிடட்டும் என்று கடைக் குழாயை வளைத்து வளையம் கட்டி, வீட்டுக்குப் பின்னால் இருந்த மாமரத்தில் தொங்கவிட்டான். அளவு பார்க்கிறவனா அவன்? வளையம் ரொம்பவே சிறுத்துவிட்டது. பந்து அதற்குள் போவதே பெரும்பாடு. அது தெரியாமலே தினமும் சாயங்காலம் எறிந்தான். வளையத்தில் விழுந்ததை விட மரத்திலிருந்து விழுந்த பிஞ்சுதான் அதிகம்.

"ஏங்க, ஊறுகா போட இனிமே கடையிலதான் மாங்கா வாங்கணும்" என்றாள் சோபனா.

ஆனால் பாருங்கள், அந்தத் தப்புதான் அவனைத் தூக்கிவிட்டது. சின்ன வளையத்தில் போட்டுப் பழகின கைக்கு, ஆயுத பூஜை அன்றைக்குக் கிரவுண்டில் நின்று பார்த்தால் நிஜ ரிங் அண்டா வாய் மாதிரி தெரிந்தது. போட்டதெல்லாம் விழுந்தது. முருகேஷே வாயைப் பிளந்து நின்றான். அவன் நாலு பேரைத் தாண்டிக் கை நீட்டுகிற உயரம், எப்போதும் முதல் ரேங்க் அவனுக்குத்தான். "என்னடா பூவரசு, சாமி கீமி வந்துருச்சா?" என்றான்.

சாயங்காலம் ஒகேனக்கல் பாறையில் குப்புறப் படுத்திருந்தபோது பூவரசனின் கண் நிர்மலாவின் வாயிலேயே இருந்தது. மேலே மசாஜ்காரர் சென்னப்பன், "தம்பி, ஒடம்பைத் தளர விடுப்பா, கட்டை மாதிரி கெடக்கறியே" என்று குத்தினார்.

நிர்மலா ஒரு மீன் துண்டைக் கடித்தாள். "ஒன்பதாவது, சந்திரமோகன். மேட்ச் நடுவுல மூணு வாட்டி வெளிய போயி ஆபீஸ் போன் பேசுனான். ஒரு தடவை பந்து இவன் கையில இருக்கறப்பவே பேசுனான்."

பாறை முழுக்கச் சிரிப்பு. அவள் வரிசையில் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போனாள். எட்டிலும் பூவரசன் இல்லை, ஏழிலும் இல்லை. "மூணாவது, பூவரசன். ரெண்டாவது குடுத்துருப்பேன். ஒவ்வொரு கூடைக்கும் தனக்குத்தானே கை தட்டிக்கிட்டான், அதுக்கு ஒண்ணு கொறைச்சுட்டேன்."

பூவரசன் பாறையில் கன்னத்தை அழுத்திக்கொண்டு சிரித்தான். பத்து வருசத்துச் சந்தோசம் ஒரே மூச்சில் வந்த மாதிரி இருந்தது. அப்போதுதான் பக்கத்தில் படுத்திருந்த சந்திரமோகன் கண்ணைக்கூடத் திறக்காமல் சொன்னான்: "சரி சரி, அடுத்த வருசம் நான் கூப்பிடணும். அவ்ளோதான? பாத்துக்கலாம்."

அந்தப் பாத்துக்கலாமைக் கேட்டதும் பூவரசனின் சிரிப்பு நின்றுவிட்டது. அது எப்படிப்பட்ட பாத்துக்கலாம் என்று அவனை விட யாருக்குத் தெரியும்? இனி யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள். எல்லாம் இன்றோடு முடிந்தது.

"நிர்மலா, நிர்மலா!" என்று கத்தினான். "அந்த ரெண்டாவது மேட்ச்சுல நான் போட்டது செல்லாது. என் கால் கோட்டு மேல இருந்துச்சு."

"நான் பாத்தேன். இல்ல."

"பந்தைத் தட்டாம நாலு அடி நடந்தேன். நீ கவனிக்கல."

"நான் கவனிக்கலையா?" நிர்மலா தட்டைக் கீழே வைத்தாள். "டேய், ஒலகத்துலயே ரேங்க் கொறைச்சுப் போடச் சொல்லி அழுவுறவன் நீ ஒருத்தன்தான். சொன்னா சொன்னதுதான். படு."

சென்னப்பன் ஒரு குத்து விட்டார். பூவரசன் படுத்துவிட்டான்.

அதன் பிறகு ஒரு வருசம் ஓடியது. ஆடி போனது, ஆவணி போனது. புரட்டாசி பிறந்ததிலிருந்து பூவரசன் போனைக் கடைக் கல்லாவில் வைக்காமல் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டான். குளிக்கப் போனால் சோபனாவிடம் கொடுத்துவிட்டுப் போனான். வந்ததெல்லாம் குழாய் அடைத்துக்கொண்டது என்று தோட்டக்காரர்கள் போட்ட போன்தான்.

"மொகத்தப் பாரு. நீங்களே ஒரு போன் போட்டாத்தான் என்னங்க?" என்றாள் சோபனா.

"நான் எதுக்குப் போடணும்? நான் மூணாவது ரேங்க். ரூல்னா ரூல்தான்." வீறாப்பாகச் சொன்னானே தவிர, சந்திரமோகன் நம்பரை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மூடி வைத்தான். நிர்மலாவிடமோ முருகேஷிடமோ கேட்கவும் வாய் வரவில்லை. "இல்லடா, இந்த வருசம் இல்ல" என்று சொல்லிவிட்டால்? அந்தச் சொல்லைக் கேட்க அவனுக்குத் தெம்பு இல்லை.

ஆயுத பூஜையும் வந்தது. விடிந்ததும் கடைக்குப் போய் வாழைக்கன்று கட்டி, தராசுக்கும் குழாய் அறுக்கிற ரம்பத்துக்கும் பொட்டு வைத்தான். வீட்டுக்கு வந்து பந்தை எடுத்துத் துடைத்து அதற்கும் வைத்தான். வைத்துவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சோபனா பார்த்தாள். "போயிட்டு வாங்க. யாரும் இல்லாட்டி என்ன, நாலு பந்து போட்டுட்டு வாங்க. வடை சுட்டு வைக்கிறேன்." அவள் குரலில் இருந்த இரக்கத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

கிரவுண்டு கேட் திறந்திருந்தது. உள்ளே ஒருவன் பேன்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு, சுண்ணாம்பு வாளியோடு குந்தியிருந்தான். தலை, மூக்கு, காது எல்லாம் சுண்ணாம்பு. அவன் போட்ட கோடு பாம்பு போன தடம் மாதிரி வளைந்து கிடந்தது. சந்திரமோகன்!

"வந்துட்டியா? வாடா, இந்தக் கயித்தைப் பிடி" என்றான் சந்திரமோகன். "எப்படிடா இத்தனை வருசமா இதைப் பண்ணுன? மனுசங்களாடா இவனுங்க? ஒவ்வொருத்தனுக்கும் நாலு வாட்டி போன் போட்டாத்தான் வாயையே தொறக்கறான். அந்த முருகேஷுக்காக அடிவாரம் வரைக்கும் பைக்குல போனேன்டா. குப்புராஜ் பொண்டாட்டிகிட்ட நான் பேச்சு வாங்குனேன். எனக்கு நல்லா வேணும்."

பூவரசனுக்குக் காலடியில் பூமி நின்றதா ஓடியதா தெரியவில்லை. "எல்லாரும் வர்றாங்களா?"

"எல்லாரும். நிர்மலா பஸ் ஏறிட்டா. எட்டரைக்கு வந்துருவா."

"எல்லாரையும் கூப்பிட்டியா?"

"ஒருத்தரை விடல."

"என்னைக் கூப்பிடலையேடா."

சந்திரமோகன் நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. "உன்னை எதுக்குடா கூப்பிடணும்? நீ வருவன்னு தெரியாதா? நீ இல்லாம மேட்ச்சாடா?"

பூவரசனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா, சந்தோசமா, இரண்டும்தான். அந்த ஒரு வார்த்தையை ஒரு வருசத்துக்கு முன்னாலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? பந்தை அவன் கையில் திணித்துவிட்டு, விறுவிறுவென்று கேட்டைத் தாண்டி வெளியே போய் வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டான்.

"டேய், எங்கடா போற?"

"கூப்பிடு!" என்று அங்கிருந்து கத்தினான்.

"அதான் வந்துட்டியேடா!"

"ரூல்னா ரூல். போன் போட்டுக் கூப்பிடு!"

சந்திரமோகன் தலையில் அடித்துக்கொண்டான். அடித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு ஒட்டியது. இரண்டு விரலால் போனை எடுத்து நம்பரைத் தட்டினான். பூவரசன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. அடித்து அடித்து ஓயும் வரைக்கும் அந்தச் சத்தத்தை ஆசை தீரக் கேட்டான்.

"எடுத்துத் தொலைடா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மறுபடி அடித்தது. எடுத்தான்.

"டேய் பூவரசு, மேட்ச் இருக்குடா. வந்துரு." குரல் போனிலும் வந்தது, கேட்டுக்கு உள்ளேயிருந்தும் வந்தது.

பூவரசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டான். பத்து வருசமாக எல்லோரும் தனக்குச் சொன்னதை, ஒரு தடவையாவது தான் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்ததை, எடுத்துச் சொன்னான்.

"வேலை இருக்குடா. பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லி முடிப்பதற்குள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டிருந்தான்.