ஞானஸ்நானம் இல்லாத படம்

படம் முடிந்து கொட்டகையில் விளக்கெல்லாம் போட்டாயிற்று. உலக யுத்தம் ஓய்ந்தபின் வந்த பெரிய மாயாஜாலப் படம். கொழும்புக் கொட்டாஞ்சேனைச் சனமெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியேறியது. மாக்ரெட் மட்டும் கதிரையை விட்டு அசையவில்லை.

"எழும்புங்கோ அம்மா, முடிஞ்சுது," என்றாள் மகள் பேர்ணடெற். தாயின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"என்ன முடிஞ்சுது? மீனாப் போன மனுசன் செத்தா முடிஞ்சுதோ? அவர் திரும்பி வரவேணும், பிள்ளை பிறக்கவேணும். ஞானஸ்நானம் இன்னும் வரேல்லையே!"

அவசரப்படாமல் என்ன செய்வாள்? துறைமுகத்தில் வள்ளம் கவிழ்ந்து அப்பா இறந்த வருஷம், எழுத்துத் தெரியாத தாய்க்கு 'மச்சபுரி மாயம்' நாவலைப் பின்னேரங்களில் வாசித்துக் காட்டியவள் அவள்தான். சூனியக்காரி மீனாக்கிவிட்ட வணிகன் கடைசி அத்தியாயத்தில் கரையில் துடித்துச் சாகிறான். அதை அந்த வீட்டில் எந்த வாயால் வாசிப்பது? மனிதனாக எழும்பி, "சோறு இருக்கோ?" என்று கேட்டான் என இட்டுக்கட்டிவிட்டாள். அம்மா அழுதாள், சிரித்தாள், "பிறகு?" என்றாள். போச்சுது! வணிகனுக்குப் பிள்ளை பிறந்து அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கும்வரை, புத்தகத்தில் இல்லாத அத்தியாயங்களை மாதக்கணக்கில் வாசிக்க வேண்டியதாயிற்று.

மனேச்சர் செபஸ்தியன் ஓடிவந்தார். அடுத்த காட்சிக்கு வாசலில் சனம் நெரிபட்டது.

"அக்கா, புத்தகத்தில உள்ளபடிதான் எடுத்திருக்கிறாங்கள். நானும் வாசிச்சனான்."

"நீர் வாசிச்ச லட்சணம்! கதையைக் குதறி வச்சிருக்கிறான் பாவி. என்ர மகளைக் கேளும்!"

வாசலில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பாதிப்பேர் அந்த நாவலைக் கரைத்துக் குடித்தவர்கள். உண்மையைச் சொன்னால் அம்மாவுக்கு அந்த மனுஷன் இரண்டாம் தரமும் சாவான். பேர்ணடெற் மனேச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஓம், அம்மா சொல்லுறதுதான் சரி. படம் பிழை."

"அடி கள்ளி!" என்று யாரோ கத்த, கொட்டகையே சிரித்தது. மாக்ரெட் சேலையை உதறிக்கொண்டு ராசாத்தி மாதிரி வெளியே நடந்தாள்.

தெருவில் கொஞ்சத் தூரம் நடந்தபின் மாக்ரெட் கேட்டாள்.

"ஏன் பிள்ளை, கடலுக்கடியில இருக்கிற மச்சபுரிக்கு ஞானஸ்நானம் குடுக்க எங்கட பங்குச்சாமி எப்பிடியடி வந்தவர்?"

பேர்ணடெற் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். "உங்களுக்கு எப்ப தெரியும்?"

"சாமி வந்த அண்டைக்கே."

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ அந்த மனுசனைத் திரும்பச் சாக்காட்டிப்போடுவாய் எண்டு பயந்தனான்."