நின்ற வண்டிக்குத் துணை

…சரி, நின்றுவிட்டது, இனி யார் என்ன சொல்ல இருக்கிறது, வாய்விட்டுச் சொன்ன சொல் சொன்னதுதானே, என்று நினைத்துக்கொண்டு சௌந்திரம் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள், இறங்க மனமில்லை, இறங்கினால் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்கவேண்டும், அது எப்படி இருக்கும் என்று பார்க்காமலே தெரியும். ஆண்டகளூர் கேட் தாண்டிச் சேலம் போகிற பெரிய ரோட்டின் ஓரம், ஒரு புளியமரத்து நிழல்வரை எப்படியோ உருட்டிக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார், பானெட் மேலே தூக்கி நின்றது, அதன் அடியில் அவருடைய வெள்ளை வேட்டி மட்டும் தெரிந்தது, முட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போனது, எதற்கு அடித்தானோ, கேலிக்குத்தான் இருக்கும். பின்சீட்டில் ஈரச்சாக்கில் சுற்றிய வெற்றிலை, ஒரு தார் பூவன், புதுத்துணி… நாளைக்குச் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் மதுமதி வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து, பரமத்தி வேலூரிலிருந்து தாய்வீட்டுச் சீர் போகிறது, எங்கே போகிறது, மரத்தடியில் நிற்கிறது. பஸ்ஸில் போகலாம் என்று சொன்னாளா இல்லையா, சொன்னாள், மருமகன் வண்டி அனுப்புகிறேன் என்றாரே, அதையும் சொன்னாள், "நம்ம வண்டி இருக்குதல்லோ" என்று ஒரே வார்த்தை, அத்தோடு சரி, மேலே பேச்சில்லை.

பேச்சில்லாத மனிதரிடம் போய்ச் சத்தியம் வாங்கினாளே, அதைச் சொல்லவேண்டும்… ஆவணியில் அண்ணன் மகன் கல்யாணத்துக்குப் புறப்பட்டு, பாதி வழியில் இந்தப் பழைய ஃபியட் இதேபோல் முக்கி முனகி நின்றுபோய், மண்டபத்துக்குள் நுழையும்போது தாலி கட்டியாகி, பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள், அண்ணி கேட்ட கேள்வி இருக்கிறதே, "காரு வந்துருச்சா, காருக்காரங்களக் காணமேன்னு இருந்தோம்", அது நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள், இன்னொருக்கா இது நடுரோட்டில் நின்றால் கொடுத்துவிடவேண்டும், ஆமாம், சாமி சத்தியமாக. அவர் யோசித்தாரா, இல்லை, "சரி" என்றார். சின்னுசாமி கவுண்டர் சரி என்று சொன்னால் அது கல்லில் வெட்டியது என்று ஊருக்கே தெரியும். தம்பியோடு கிணற்றுத் துளை போடுகிற போர்வண்டித் தொழில் பிரிந்தபோதும் இப்படித்தான், சம்பாதிக்கிற ரிக் வண்டி தம்பிக்கு, வண்டிச் செட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த ஃபியட் இவருக்கு, அதற்கும் சரி என்றார், அவள்தான் குதித்தாள், ஆனை அங்கே போனதுங்களா, அங்குசம் இங்கே வந்ததுங்களா என்று. அவர் அதற்கும் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எதற்குமே பதில் சொல்லவில்லை. வீடா அது, சுவரோடு குடித்தனம், சோறு போடட்டுங்களா என்றால் தலை ஆடும், போதுங்களா என்றால் கை ஆடும், அவள் டிவியோடு பேசினாள், எருமையோடு பேசினாள், எருமையாவது திரும்பிப் பார்த்தது.

அப்புறம் ஒரு நாள் செட்டுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம்… யாரோ வந்திருக்கிறார்கள் என்று காப்பித் தண்ணி எடுத்துக்கொண்டு போனால், அங்கே யாரும் இல்லை, அவர் மட்டும், கையில் போன், போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார். மதுமதிதான் லீவுக்கு வந்தபோது எதையோ தட்டிச் சேர்த்துவிட்டுப் போயிருந்தாள், பழைய கார் வைத்திருப்பவர்கள் குரூப்பாம், சேலம், நாமக்கல், ஈரோடு எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்களாம். முகம் ஒன்றும் தெரியாது, ஒருத்தர் படத்துக்கு ஹெட்லைட், ஒருத்தருக்கு ஸ்டியரிங், இவருக்கு ஃபியட்டின் மூக்கு, ஆனால் என்ன பேச்சு, அப்பப்பா, எண்ணெய் எந்தக் கம்பெனி ஊற்றலாம், கதவு ரப்பர் எங்கே கிடைக்கும், மழையில் வைப்பர் ஓடவில்லை, இதற்கெல்லாம் இந்த மனிதர் பதில் சொல்கிறார், வாய்ஸில், வரி வரியாக, நிறுத்தாமல்! அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாள், காப்பி ஆறிப்போனது. சந்தோசமாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா, இரண்டும்தான், அடப்பாவி மனுசா, எனக்குக் கொடுக்காத பேச்சை ஊரான் ஊரானுக்கு வாரிக் கொடுக்கிறாயே என்று. அந்தக் குரூப்பில் ஒரு வழக்கம், ஒருத்தருக்குத் தேவையான சாமானை இன்னொருத்தர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்து அனுப்புவார், காசு வாங்கமாட்டார், வாங்கினவர் தன் ஊர்ப் பொருளைத் திருப்பி அனுப்பவேண்டும். ஆத்தூர்ப் பக்கமிருந்து குழந்தைவேல் என்று ஒருத்தர் கண்ணாடி ரப்பர் அனுப்ப, இங்கிருந்து வெற்றிலைக் கவுளி போனது, அடுக்கிக் கட்டினது யார், இவள்தான். வெண்ணந்தூரிலிருந்து ஒரு கதவுக் கைப்பிடி வந்தது, அதற்கும் வெற்றிலை போனது, வெற்றிலைக்குப் பதிலாக ஒரு துண்டு வந்தது, நல்ல நெசவு, தனப்பிரியா என்று பேர் எழுதி… யாருங்க அது என்று கேட்டாள், அம்பாசடர் என்றார். பொம்பளையைக் கேட்டால் காரைச் சொல்கிற மனிதரை என்ன செய்வது, அந்தத் துண்டை இப்போதும் தோளில்தான் போட்டிருக்கிறார்.

பானெட்டை மூடுகிற சத்தம். அவர் ஜன்னல் பக்கம் வந்தார், அவளைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "குடுத்தர்லாம்" என்றார். அவ்வளவுதான். கோபமில்லை, வருத்தமும் குரலில் இல்லை. சண்டை போட்டிருக்கலாமே, நீயும் உன் சத்தியமும் என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திட்டி, கடைசியில் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்திருக்கலாம், அதற்கும் வழி வைக்கவில்லை. இரண்டடி தள்ளிப் போய் மரத்தில் சாய்ந்து போனை வாயருகே வைத்துப் பேசினார், அவளுக்குக் கேட்கவேண்டும் என்று இல்லை, காற்று இந்தப் பக்கம் அடித்தது. "வேலூர் சின்னுசாமி பேசறனுங்க. வண்டி ஆண்டகளூர் கேட்டுப் பக்கம் நின்னுருச்சு. ஊடு கொண்டுபோய்ச் சேத்துட்டா யாராச்சும் நல்ல கையாப் பாத்துக் குடுத்தர்றதுன்னு இருக்கறன். அப்பறம் குரூப்புல இருந்தும்… இத்தன நாளு…" அங்கேயே விரலை எடுத்துவிட்டார். குரூப்பில் இருந்தும் என்ன… ஓ, அது ஒன்று இருக்கிறதே, அவரே எப்போதோ சொல்லியிருக்கிறார், வண்டி கைமாறினால் நாமே சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிடுவது, வண்டி இல்லாமல் அங்கே உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லையாம். அப்படியானால் செட்டில் சிரிப்பு இருக்காது. பதிலும் இருக்காது, தலை ஆடும், கை ஆடும், மறுபடியும் சுவரும் எருமையும். ஐயோ, நான் தகர டப்பாவைத்தானே கொடுக்கச் சொன்னேன், இதையெல்லாம் சேர்த்தா கொடுக்கச் சொன்னேன் என்று சௌந்திரத்துக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

போன் சும்மா இருக்கவில்லை, டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது, வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை, அதைக் கவனித்தாள், எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், எப்படி நின்றது. முக்கி நின்றதா, பட்டென்று நின்றதா, கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப ஓடுகிறதா. அவரும் பதில் சொல்ல ஆரம்பித்தார், முக்கித்தான் நிற்கும், ஆறவிட்டால் ஓடும், மறுபடி நிற்கும், பம்பு மாற்றியாயிற்று, காயில் மாற்றியாயிற்று… பேசப் பேசக் குரல் ஏறியது, இழவு வீட்டிலிருந்து பேசுகிறவர்போல் ஆரம்பித்தவர் கையெல்லாம் ஆட்டிப் பேசினார், பாரேன் இந்த மனிதரை. குழந்தைவேல் வெயிலைக் குறை சொன்னார், "பெட்ரோல் லைன்ல ஈரத்துணி சுத்திப் பாருண்ணே" என்றார். அப்புறம் ஒரு பெண்குரல், பின்னால் தறிச் சத்தம் தடதடவென்று, ஓ, இதுதானா அது. "அண்ணா, நாந் தனப்பிரியா. கெளம்பறப்ப வண்டிக்குப் பூச போட்டீங்களா? பெட்ரோல் டேங்க் மூடில சந்தனம் இருக்குதான்னு பாருங்க. மூடி நடுவுல காத்துப் போறதுக்குத் துளை இருக்குது, அது அடச்சுட்டா பெட்ரோல் எறங்காது. எங்கூட்ல நானே வெச்சுப்போட்டு ஊரெல்லாம் மெக்கானிக்கத் தேடுனேன். லொகேசன் போடுங்க, கெளம்பிட்டேன், வாரேன்."

சந்தனம். சௌந்திரம் தன் கையைப் பார்த்தாள், நகக்கண்ணில் இன்னும் மஞ்சளாக ஒட்டியிருந்தது. காலையில் நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, இரண்டு விளக்குக்கும் கண்ணுக்கு மை வைப்பதுபோல் சந்தனம் வைத்து, கடைசியில் பின்பக்கம் போய்ப் பெட்ரோல் ஊற்றுகிற மூடிக்கு நன்றாகக் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம்… அதுதானே வண்டிக்கு வாய், சாப்பிடுகிற வாய்க்கு வைக்காமல் எப்படி விடுவது. அவர் லொகேசனைத் தட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். திரும்பிப் பார்க்க அவளுக்குக் கழுத்து வரவில்லை. மூடி திருகுகிற கரகரப்பு, உடனே உஸ்ஸ் என்று ஒரு பெருமூச்சு, வண்டிதான் விட்டது. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் தோளில் இருந்த அந்தத் துண்டை எடுத்து மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், குழந்தைக்கு மூக்குத் துடைக்கிற பதத்தில். வந்தார், உட்கார்ந்தார், சாவியைத் திருகினார், ஓடியது, கொஞ்சம்கூட முனகல் இல்லாமல் ஓடியது. இப்போது சொல்வார், இப்போது கேட்பார் என்று அவள் மடியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் போனை எடுத்து, "கார்பரேட்டர்ல அழுக்குங்க, எடுத்துட்டேன், ஓடுது" என்றார்.

என்ன அழுக்கு, எங்கே இருந்தது அழுக்கு, பொய் சொல்லத் தெரியாத வாய் எத்தனை சுளுவாகச் சொல்கிறது! தம்பியிடம் ஒரு பொய் சொல்லியிருந்தால் ரிக்கே இங்கே நின்றிருக்கும், அதற்குச் சொல்லவில்லை, இதற்குச் சொல்கிறார்… எதற்கு, அவளுக்காக, இத்தனை பேர் கேட்கிற இடத்தில் பெண்டாட்டி செய்த காரியம் என்று சிரிப்பு வரக்கூடாது என்று. ஆனால் அழுக்கு என்றால் தப்பு வண்டி மேல்தானே, வண்டி மேல் தப்பு என்றால் சத்தியம் சத்தியம்தானே, அப்போது கொடுத்துவிடுவார், வாயைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து தலையாட்டுவார். "குடுங்க அத" என்று போனைப் பிடுங்கிக்கொண்டாள். எதை அமுக்குவது என்று தெரியும், கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தது வீண்போகவில்லை. "நாஞ் சௌந்திரமுங்க, வேலூருங்க. அழுக்கும் இல்ல ஒண்ணும் இல்ல, நாந்தான் மூடில சந்தனத்த அப்பிப்போட்டேன். வண்டி மேல ஒரு தப்பும் இல்லீங்க. இவரு வண்டியும் குடுக்கல, குரூப்ப உட்டும் போகல. சிரிக்கறவங்க சிரிச்சுக்குங்க." சிரித்தார்கள், போன் முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சிரிப்பு முகம், எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று இரண்டு பேர், அக்கா வணக்கம் என்று ஒரு ஹெட்லைட்.

ஸ்கூட்டியில் ஒருத்தி வந்து நின்றாள், ஹெல்மெட்டைக் கழற்றினால் மதுமதி வயசுதான், புடவை முந்தானையில் பஞ்சு ஒட்டியிருந்தது, கால்பக்கம் ஒரு கேன் பெட்ரோல். வண்டி ஓடுகிறதே, எதற்குச் சாமி இவ்வளவு தூரம் என்று சௌந்திரம் கேட்டாள். "நின்ன வண்டியத் தனியா உடறதில்லைங்க்கா, மல்லூரு வரைக்கும் பின்னாலயே வாரேன், அப்பறம் நீங்க போயிருங்க" என்றாள் தனப்பிரியா. இவளையா என்னவெல்லாமோ நினைத்தேன் என்று சௌந்திரத்துக்கு வெட்கமாகிப்போனது, சாக்கைப் பிரித்து ஒரு பிடி வெற்றிலையும் நாலு சீப்புப் பழமும் எடுத்துக் கொடுத்தாள், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வழக்கம் அவளுக்கும் தெரியும்தானே. வண்டி ரோட்டில் ஏறியது. கொஞ்ச தூரம் போய் அவர் கேட்டார், "அப்ப இது நின்னதுல சேத்தியா?" "ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள். அவர் சிரித்தார், போனைப் பார்த்து அல்ல. அப்புறம் பேச ஆரம்பித்தார், அந்த உஸ் சத்தம் எதனால், பெட்ரோல் எப்படி இறங்குகிறது, காற்று உள்ளே போனால்தான் ஒன்று வெளியே வருமாம்… அவள் உம் கொட்டிக்கொண்டே கண்ணாடியில் பின்னால் வருகிற ஸ்கூட்டியைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருக்கென்றது. ஆவணியில் அந்தக் கல்யாணத்தன்று காலையிலும் மூடிக்குச் சந்தனம் வைத்தாளே. அதற்கு முந்தி கரூர் போகும்போது நின்றது, அன்றைக்கு அமாவாசை, வைத்தாள். பழனிக்குப் போகும்போது… அதற்கும் வைத்துவிட்டுத்தானே கிளம்பினார்கள். பம்பு மாற்றியது, காயில் மாற்றியது, அண்ணி சொன்ன சொல், சாமிமேல் அடித்த சத்தியம், எல்லாம்… ஒவ்வொரு தடவையும் இந்தக் கைதானா? சொல்லிவிடவேண்டும், இன்றைக்கே சொல்லிவிடவேண்டும், வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தார், அவளிடம்தான், இன்னும் நிறுத்தவில்லை…