நாற்பத்தெட்டாவது வீடு

அஸ்திவாரம் தோண்டுவதற்கு ஏழு மாதம் முன்பே நாற்பத்தெட்டுக் குடும்பங்களும் குடிவந்துவிட்டன. பன்னிரண்டு மாடிக் குடியிருப்புக்கு நகராட்சியில் மனு கொடுத்தது ஒரு திங்கட்கிழமை. செவ்வாய் காலை, மூடிக்கிடந்த பழைய ஆலை மனைக்கு மேலே, வெறும் ஆகாயத்தில், மாடிக்கு நான்கு குடும்பமாக ஆட்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். சுவர் இல்லை, தரை இல்லை. அவரவர் மாடி உயரத்தில் கட்டிலும் மேசையும் அசையாமல் நின்றன. படிக்கட்டு இன்னும் கட்டப்படாததால் யாராலும் கீழே இறங்க முடியவில்லை. முதல் மாடிக்காரர்கள் கயிற்றில் கூடை விட்டுப் பேக்கரியில் ரொட்டி வாங்க, கூடை மாடி மாடியாகக் கைமாறி உச்சிவரை போயிற்று.

இதற்கெல்லாம் காரணம் கட்டுமானக் கம்பெனியில் படம் வரைபவள்தான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அது உண்மையும்கூட. பிளான்காரி என்று அவளுக்குப் பெயரும் வைத்தார்கள். மற்றவர்கள் சுவரும் கதவும் போட்டதோடு பென்சிலைக் கீழே வைத்துவிடுவார்கள். இவளுக்கு வெறும் அறையைப் பார்த்தால் மனசு கேட்காது. கட்டில் போடுவாள், தலையணை போடுவாள், மேசையைச் சுற்றி நாற்காலிகள் போட்டு, அதில் ஒன்றை யாரோ இப்போதுதான் எழுந்து போனதுபோல லேசாகத் திருப்பி வைப்பாள். அத்தனை அக்கறையாகப் போட்ட நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்ததில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? கடைசியாக வரைந்த பன்னிரண்டாம் மாடி ஓரவீட்டில் மட்டும், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், ஒரே ஒரு நாற்காலியோடு எழுந்து ஓடிவிட்டாள். அந்த வீட்டுக்கு ஓர் அம்மாள் தன்னந்தனியாக வந்து சேர்ந்தார். அவரை அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் பிளான்காரிக்கு உறுத்தியது.

தெருவில் இருந்தவை இரண்டு மாடி, மிஞ்சினால் மூன்று மாடி வீடுகள். நாற்பத்தெட்டுக் குடும்பம் மேலேயிருந்து பார்க்க, துணி உலர்த்தக்கூட எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. எல்லோரையும்விட அதிகம் குதித்தவர், ஆலையை ஒட்டிய கடையில் தனியாகக் காலந்தள்ளிய தையல்காரர். பன்னிரண்டாம் மாடி அம்மாள் தினமும் பதினொரு மணிக்குத் தரையைத் துடைத்து வாளித் தண்ணீரைக் கொட்டுவார். இல்லாத தரையை எப்படித் துடைத்தார் என்று கேட்கக் கூடாது. தண்ணீர் நேராகத் தையல்காரர் தலையில் விழும்.

"யம்மா, கீழ மனுஷன் நிக்கிறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று அவர் தொண்டை கிழியக் கத்துவார்.

"தெரியுதுய்யா! டாண்ணு அந்த நேரத்துக்கே நீங்க ஏன் வெளிய வந்து நிக்கிறீங்க?" என்று மேலேயிருந்து பதில் வரும்.

மூன்றாம் மாதம் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. மூன்று மாடிக்கு மேல் ஒரு செங்கல்கூட ஏறக் கூடாது என்று தெரு ஒற்றைக்காலில் நின்றது. நகராட்சியும் சரி என்று, திருத்திய பிளானைக் கொடுக்கப் பத்து நாள் கெடு வைத்தது. "மேல ஒம்பது மாடிய அழிச்சிடும்மா, அரை மணி நேர வேலை" என்றார் கம்பெனி முதலாளி. பிளான்காரி ரப்பரை எடுத்து ஓரவீட்டுச் சுவரின் நுனியை லேசாகத் தேய்த்துவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். அந்த அம்மாளின் முழங்கை வழியாக மேகம் தெரிந்தது. உடனே அந்தக் கோட்டைத் திரும்பப் போட்டாள்.

"அவங்கல்லாம் இன்னும் வரவே இல்லம்மா" என்றார் முதலாளி.

"வந்து மூணு மாசமாச்சு சார். ஜன்னலைத் திறந்து பாருங்க."

முதலாளி திறக்கவில்லை.

மறுநாள் அவள் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ஆலை மனையில் மூன்று மாடிக்குப் பன்னிரண்டு குடும்பம் அடங்கும். மீதி முப்பத்தாறுக்குத் தெருவில் இடம் இருந்தது, ஆனால் மொத்தமாக ஓரிடத்தில் இல்லை. பேக்கரிக்குப் பின்னால் கூரை விழுந்த கிடங்கு, சைக்கிள் கடை மொட்டைமாடி, பல் டாக்டர் என்றைக்காவது கட்டலாம் என்று விட்டுவைத்த பக்கத்து மனை. கதவு கதவாகத் தட்டி, வீட்டுக்காரர்களை வெளியே அழைத்து, மேலே பார்க்கச் சொன்னாள். மூன்று மாதம் அண்ணாந்து திட்டியதில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்திருந்தது. பேக்கரிக்காரி ஆறாம் மாடி இரட்டைக் குழந்தைகள் வீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பல்வலிக்காரர் இருந்த குடும்பத்தை டாக்டர் தனக்கே வேண்டும் என்றார். பிளான்காரி ஒவ்வொரு வீட்டையும் மையில் வரைந்து முடிக்க, அந்தக் குடும்பம் கட்டிலோடும் மேசையோடும், கையிலிருந்த சூப் தளும்பாமல், மெதுவாக மிதந்து இறங்கித் தன் இடத்தில் நின்றது. தெரு கைதட்டியது.

ஒன்பதாம் நாள் காலை நாற்பத்தேழு குடும்பம் இறங்கிவிட்டது. அந்த அம்மாள் மட்டும் ஆகாயத்தில் ஒற்றையாக மிஞ்சினார். இடையில் ஆளில்லாததால் ரொட்டிக் கூடையும் தண்ணீரும் எட்டவில்லை. பதினொரு மணிக்குத் தையல்காரர் வழக்கம்போல வாசலில் வந்து நின்றார். தண்ணீர் விழவில்லை. கால் மணி நேரம் காய்ந்த தலையோடு நின்றுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவோடு கம்பெனிக்கு ஓடினார்.

"என் கடை மேல ஒரு மாடி தாங்குமாம்மா?"

"தாங்கும்ணே. முதல் நாளே அளந்து வச்சிட்டேன். நீங்களா வந்து கேக்கட்டும்னுதான் இருந்தேன்."

"கத்திக் கத்தித் தொண்டை போச்சு. கிட்ட இருந்தா மெதுவாவே சண்டை போடலாம்."

அவள் அவர் கண்ணெதிரிலேயே வரைந்தாள். பஸ் வந்தது, போயிற்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறை, ஜன்னல், கட்டில், மேசை, இரண்டு நாற்காலி. அந்த அம்மாள் வாளியைக் கெட்டியாகப் பிடித்தபடி பன்னிரண்டு மாடி உயரத்தையும் கடந்து இறங்கியபோது தெருவே விசிலடித்தது. பிளான்காரிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் அதுவரை இருந்ததில்லை.

நாற்பத்தெட்டு வீடும் குறையாமல் இருந்ததைப் பார்த்து முதலாளி கையெழுத்துப் போட்டார். மூன்று மாடியைத் தாண்டாததைப் பார்த்து நகராட்சி முத்திரை குத்தியது. கொத்தனார்கள் இரண்டு வருடம் வேலை பார்த்தார்கள். இருக்கிறவர்களைச் சுற்றிச் சுவர் எழுப்புவது சுலபம், ஜன்னல் எங்கே வேண்டும் என்று அவர்களையே கேட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

பதினொரு மணிக்கு வாளித் தண்ணீர் இன்றும் கடை வாசலில் விழுகிறது. யாரும் நனைவதில்லை. அந்த நேரத்தில் தையல்காரர் மாடியில், இரண்டாவது நாற்காலியில் இருக்கிறார்.