நின்றுகொண்டு போன பஸ்

ஆரம்பாக்கம் போகும் எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. பயிற்சி வகுப்பில் எவர் வாயைத் திறந்து நேரத்தை இழுத்தடித்து பஸ்ஸைத் தாமதமாக்குகிறாரோ, அவர் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஊர் வரைக்கும் நின்றுகொண்டே வரவேண்டும். சீட்டு காலியாக இருந்தாலும் சரி. அந்தச் சட்டத்தைப் போட்டதே நான்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

ஆபரேட்டராக இருந்த காலத்தில் விளையாட்டாகப் போட்டது. போன மாதம் என்னையே பாதுகாப்புப் பயிற்சி எடுக்கச் சொல்லிவிட்டார்கள். வந்தவர்கள் இருபது பேரும் எங்கள் பஸ் ஆட்கள். மூன்று வகுப்பு முடிந்தது. "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றால் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து கடிகாரத்தையே பார்ப்பார்கள்.

நேற்று பயிற்சிக்குப் பொறுப்பான துளசிராமன் சார் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "நாளைக்கும் யாரும் பேசலைன்னா திங்கட்கிழமைலேர்ந்து வீடியோ போட்டுடலாம், ஹேமாவதி. நீ பழையபடி மெஷினுக்கே போய்டு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த வேலை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

இன்று சார் கையைக் கட்டிக்கொண்டு கடைசியில் நின்றார். கையுறை வகைகளை மாட்டிக் காட்டினேன். சந்தேகம் கேட்டேன். ஒரு இருமல்கூட இல்லை. கோபம் தலைக்கேறியது. "சரி, ட்ரில்லிங் மெஷினப் பாக்கலாம்" என்று விறுவிறுவென்று போய் சுவிட்சில் கை வைத்தேன்.

"யக்கா, கைய எடு!" அருணாச்சலம் அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். என்னைவிடப் பத்து வயது பெரியவர், ஆனாலும் எல்லாரும் அவருக்கு அக்காதான். "க்ளவுஸ் மாட்டிக்கினு ட்ரில்லாண்ட போறியே! துணி சுத்திக்கினா வெரலு இன்னா ஆவறது?"

"கண்ணாடியும் போடல" என்றாள் பிரின்சி. "ஜடை வேற முன்னால தொங்குது" என்றான் ராபின்.

வெட்கத்தில் முகம் சுட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே மறந்துபோன தப்பு. ஆனால் அப்போதுதான் ஒன்று புரிந்தது. கேள்வி கேட்கச் சொன்னால் வாயை மூடிக்கொள்கிறவர்களால், ஒருத்தி விரல் போகப்போகிறது என்றால் சும்மா இருக்க முடியாது.

"அப்ப நீயே வந்து செஞ்சு காட்டுண்ணா. தப்பு இருந்தா மத்தவங்க கத்துங்க" என்றேன்.

ஆளாளுக்குக் கத்தினார்கள். பிரின்சி தன் துப்பட்டா மாட்டிக் கிழிந்த கதையைச் சொன்னாள். ராபின், அருணாச்சலம் அண்ணனிடமே இரண்டு தப்பு கண்டுபிடித்தான். பஸ் டிரைவர் மூன்று முறை ஹாரன் அடித்தார். துளசிராமன் சார் கட்டின கையை அவிழ்த்து, "வீடியோ வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் ஏறினால், இருபது பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். சட்டம் சட்டம்தானே. எனக்கு மட்டும் ஜன்னல் சீட்டு.

எளாவூர் தாண்டியதும் அருணாச்சலம் அண்ணன் குனிந்தார். "காலு நோவுது யக்கா. நீ போட்ட சட்டம், நீயே எடுத்துடேன்."

"அடுத்த வகுப்புலயும் இதே மாதிரி பேசறதுன்னா."

"பேசறோம்!" பஸ்ஸே அதிர்ந்தது.

"அப்ப உக்காருங்க" என்றேன்.